ஆபரேட்டரம்மா திருப்பித் தந்த நம்பர்

எங்கள் தெருவில் அவரை ஆபரேட்டரம்மா என்று கூப்பிடுவோம். அவருடைய பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயரை அவருக்குத் தெரியாமல் நான் ஒரு முறை எழுதியிருக்கிறேன். அதுவே போதும்.

விளாங்குடியில் எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி, தன் அண்ணனோடு இருந்தார். சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் அண்ணனும் தங்கையும் தங்கள் மொழியில் பேசிக்கொள்வார்கள். வாசலுக்கு வந்துவிட்டால் நம்மைப் போல மதுரைத் தமிழ்தான். அண்ணன் தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், எங்கள் தெருச் சங்கத்தின் செயலாளர். அவருடைய ஒரே மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். தங்கைக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் தொலைபேசி ஆபரேட்டர் வேலை. கல்யாணம் ஆகவில்லை. நான் சொல்லும் காலத்தில் நாற்பத்தைந்து வயது இருக்கலாம். தினமும் காலை ஏழே முக்காலுக்குக் கஞ்சி போட்ட பருத்திச் சேலையில் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போவார். வலது காதுக்கு மேலே முடி அமுங்கிப்போய் ஒரு கோடு தெரியும். நாள் முழுக்க மாட்டியிருக்கும் ஹெட்போனின் தடம் அது.

அவரைப் பற்றித் தெருவில் எல்லாருக்கும் தெரிந்த செய்தி ஒன்றுதான். அவர் எதை வாங்கினாலும் ஒரு ராத்திரி வீட்டில் வைத்துப் பார்ப்பார். காலையில் மனசு ஒப்பவில்லை என்றால் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

எங்கள் ஊரில் துணிக்கடைகளில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. தெரிந்த வாடிக்கையாளர் என்றால் நான்கைந்து சேலையைத் தூக்கிக் கொடுத்து, "வீட்டுல காட்டிட்டு வாங்க" என்று அனுப்புவார்கள். பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதை மறுநாள் கொடுத்தால் போதும். மடிப்புக் கலையக் கூடாது, அவ்வளவுதான். மடிப்புக் கலையாத சேலை விற்காத சேலை. ஆபரேட்டரம்மா அந்த வழக்கத்தைச் சேலையோடு நிறுத்தவில்லை. குக்கர், குடை, செருப்பு, கத்திரிக்காய் என்று எல்லாவற்றுக்கும் அதையே சட்டமாக்கிக்கொண்டார். வாங்கி வந்த பொருளை உறை பிரிக்காமல் சாமி அலமாரியின் கீழ்த்தட்டில் வைப்பார். காலையில் குளித்து, விளக்கேற்றி, அதை ஒரு தரம் பார்ப்பார். பிறகுதான் அது அவருடையதா கடைக்காரருடையதா என்பது முடிவாகும்.

விளக்குத்தூண் பக்கம் ஒரு சேலைக் கடையில் என் மனைவியோடு உட்கார்ந்திருந்தபோது அவர் உள்ளே வந்தார். கடைக்காரர் கல்லாவில் இருந்தபடியே கும்பிட்டார்.

"வாங்கக்கா. இன்னைக்கு வாங்க வந்தீகளா, குடுக்க வந்தீகளா?"

"குடுத்துட்டு வாங்கலாம்னு வந்தேன்."

"எக்கா, இந்தப் பச்சைச் சேலை மூணு தடவை உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போயிருச்சு. அதுக்கே வழி தெரியும். இனிமே நீங்க வர வேணாம், அத மட்டும் பஸ் ஏத்தி விடுறேன்."

கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் சேலையை மேசையில் வைத்துவிட்டு நகரவில்லை. "நேத்துப் பிடிச்சிருந்துச்சு. இன்னைக்குப் பிடிக்கல. பிடிக்காதத நான் உடுத்துனா உங்க சேலைக்குத்தான மரியாதை இல்ல?" என்றார். கடைக்காரர் சேலையை வாங்கி அடுக்கில் வைத்தார்.

பூவை மட்டும் அவர் திருப்பித் தந்ததில்லை. "ராத்திரி தாண்டுனா அது வேற பூவாயிருது" என்பார்.

பொருள்களை மட்டும்தான் இப்படி என்றால் கஞ்சத்தனம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் சொற்களையும் திருப்பி வாங்குவார். ஒரு நாள் பாலில் தண்ணீர் அதிகம் என்று பால்காரரைத் தெருவில் வைத்துச் சத்தம் போட்டார். மறுநாள் காலை அதே இடத்தில், அதே நான்கு பேர் பார்க்க, "நேத்து நான் சொன்னது தப்பு. அடுப்புல வச்சிருந்த சட்டியில தண்ணி கெடந்திருக்கு, நான் பாக்கல. சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றார். பால்காரர் கூச்சத்தில் நெளிந்தார். அவருடைய ஆயுளில் யாரும் அவரிடம் அப்படிப் பேசியிருக்கமாட்டார்கள்.

மருத்துவமனையிலும் இதே கதைதான். ஒரு டாக்டர் கோபத்தில், வார்டில் வேலை செய்யும் ஓர் அம்மாவை வேலையை விட்டு நிறுத்தச் சொல்வதற்காக நிர்வாகியை லைனில் கேட்டிருக்கிறார். "லைன் கெடைக்கல சார், காலையில போட்டுத் தாரேன்" என்று இவர் சொல்லிவிட்டார். காலையில் கேட்டபோது டாக்டர், "எந்த லைன்? வேண்டாம் வேண்டாம்" என்றாராம். இதை என் மனைவியிடம் சொல்லிவிட்டு, "லைன் நல்லாத்தான் இருந்துச்சு. டாக்டருக்குத்தான் ஒரு ராத்திரி தேவைப்பட்டுச்சு" என்றார்.

இவருடைய கல்யாணமும் இப்படித்தான் நின்றதாகச் சொல்வார்கள். இருபத்து மூன்று வயதில் நிச்சயம் முடிந்து, தட்டு மாற்றி, பத்திரிகை வாசித்தாகிவிட்டது. மறுநாள் காலை எழுந்து, வேண்டாம் என்றார். காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் மனசு ஒப்பவில்லை என்ற ஒரே பதில். நிச்சயப் பட்டு மடிப்புக் கலையாமல் திரும்பிப் போனது. அதை எடுத்துக்கொண்டு போய் மாப்பிள்ளை வீட்டு வாசலில் நின்று வசவு வாங்கியவர் அண்ணன்.

இனி நான் வருகிறேன்.

நான் இருபத்தேழு வருடம் வங்கியில் இருந்தவன். வேலையின் பெரும்பகுதி கையெழுத்தைச் சரிபார்ப்பது. விருப்ப ஓய்வு கொடுத்தபோது வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வந்த பணத்தில் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு செல்போன் நிறுவனத்தின் முகவர் கடையை எடுத்தேன். வருகிற அழைப்புக்கும் காசு பிடித்த காலம் அது. மாதக் கட்டண இணைப்பு எடுப்பதென்றால் நான்கு பக்க விண்ணப்பம், போட்டோ, ரேஷன் கார்டு நகல், வருடம் முழுக்க வைத்திருப்பதாக ஒப்பந்தம், ஆறு இடத்தில் கையெழுத்து. மாதம் இத்தனை இணைப்பு என்று நிறுவனம் இலக்கு வைத்திருந்தது. தொடர்ந்து குறைந்தால் கடையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள்.

ஒரு மாதக் கடைசியில், வேலை முடிந்து ஆபரேட்டரம்மா கடைக்கு வந்தார். கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணன் மகளோடு பேச ஒரு நம்பர் வேண்டும் என்றார்.

"போன் பெறகு வாங்கிக்கிறேன்ண்ணே. மொதல்ல நம்பர் குடுங்க."

"கையெழுத்துப் போட்டா ஒரு வருஷம் வச்சிருக்கணும்மா. யோசிச்சுக்கங்க" என்று நான் சொன்னேன். சொன்னேன் என்பது உண்மை. சிரித்துக்கொண்டு சொன்னேன் என்பதும் உண்மை. அவரைப் பற்றித் தெருவே சிரிப்பதுபோலத்தான் நானும் சிரித்தேன். அவர் நான்கு பக்கத்தையும் படித்தார். ஆறு இடத்திலும் நிறுத்தி எழுதிக் கையெழுத்திட்டார். சிம் இருந்த ஒட்டிய உறையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அவர் போன அரை மணி நேரத்தில் கூரியர்ப் பை வந்தது. அன்றைய விண்ணப்பங்கள் எல்லாம் அதில் போயின.

மறுநாள் காலை எட்டரைக்குக் கடை திறக்கும்போது அவர் வாசலில் நின்றார். உறையை மேசையில் வைத்தார். ஒட்டுப் பிரியவில்லை.

"மனசு ஒப்பலண்ணே. நாள் முச்சூடும் காதுல ஊரான் பேச்சக் கேட்டுட்டு வாரேன். வீட்டுக்குள்ளயும் அது வந்துருமோன்னு பயமாயிருக்கு. புள்ளைக்குக் கடுதாசி போட்டுக்கிறேன்."

"சேலைன்னு நெனச்சியளாம்மா? இது ஒப்பந்தம்."

"பிரிக்கவே இல்லண்ணே. பாருங்க."

அவர் உறையை என் பக்கம் தள்ளினார். பிரிக்காத உறை வாங்காத உறை என்று அவர் முழுமையாக நம்பினார். உறை பிரிந்தாலும் பிரியாவிட்டாலும் அந்த நம்பர் அன்று மாலைக்குள் அவர் பெயரில் உயிர்பெற்றுவிடும் என்பது எனக்குத் தெரியும். அதை நிறுத்த ஒரு வழி இருந்தது. ரத்துக் கடிதம் ஒன்று எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி, சிம்மோடு சேர்த்து அன்றைய பையில் போட வேண்டும். கால் மணி நேர வேலை. ஆனால் அந்த மாதக் கணக்கில் ஒன்று குறைந்துவிடும். எனக்கு ஏற்கெனவே இரண்டு குறைவு.

அவர் கட்டிய முன்பணத்தைக் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். என்னிடம் இருந்த ரசீதின் அடிக்கட்டையை அவர் கண் முன்னால் கிழித்தேன்.

"கையெழுத்துப் போட்ட தாளுக?" என்று கேட்டார்.

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேன். நீங்க பஸ்ஸுக்குப் போங்கம்மா."

"புண்ணியமாப் போகும்ண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாதம் முடிந்ததும் ரத்துக் கடிதம் அனுப்பலாம் என்று நினைத்திருந்தேன். இதை இப்போது சொல்வதால் எனக்கு எந்த நன்மையும் இல்லை, ஆனால் அப்படித்தான் நினைத்தேன். மூன்றாம் நாள் ஓர் ஆள் வந்தான். பக்கத்து லாட்ஜில் தங்கியிருப்பதாகச் சொன்னான்.

"அண்ணே, இன்னைக்கே ஒரு நம்பர் வேணும்ண்ணே. ரேஷன் கார்டெல்லாம் ஊர்ல கெடக்கு. பாத்துப் பண்ணி விடுங்கண்ணே, அடுத்த வாரம் கொண்டாந்து குடுத்துர்றேன்."

மேசை இழுப்பறையில் ஆபரேட்டரம்மாவின் உறை இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அந்த நாளில் பல கடைகளில் நடந்த காரியம்தான். பல கடைகளில் நடந்தது என்று சொல்லிப் பல வருடம் தூங்கியிருக்கிறேன்.

பில் அவர் வீட்டுக்குப் போனால் தெரிந்துவிடும். அதனால் பில்லைக் கடை முகவரிக்கு அனுப்பும்படி கேட்டு ஒரு கடிதம் தயாரித்தேன். கீழே அவருடைய பெயரை எழுதி, அவருடைய கையெழுத்தை நானே போட்டேன். விண்ணப்பத்தின் நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு முறை பழகிப் பார்த்தேன். இருபத்தேழு வருடம் மற்றவர்களின் கள்ளக் கையெழுத்தைப் பிடித்த கண்ணுக்கு, என்னுடையதில் ஒரு குறையும் தெரியவில்லை.

லாட்ஜ்காரன் இரண்டு பில்லை நேரில் வந்து கட்டினான். பிறகு வரவில்லை. ரேஷன் கார்டும் வரவில்லை.

மூன்றாவது மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில், போலீஸ் ஜீப் ஆபரேட்டரம்மா வீட்டு வாசலில் நின்றது. நான் அப்போது கடைக்குக் கிளம்பிப் போய்விட்டிருந்தேன். குழாயடியில் இருந்த என் மனைவி பார்த்திருக்கிறாள். வண்டியூரில் கல்யாண வயதில் பெண் இருந்த ஒரு குடும்பத்துக்கு அந்த நம்பரிலிருந்து ஓர் ஆண் குரல் வாரக்கணக்கில் அசிங்கமாகப் பேசியிருக்கிறது. பெண்ணைத் தூக்கிவிடுவதாக மிரட்டியிருக்கிறது. நிச்சயமான கல்யாணம் நின்று, அந்தப் பெண் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். அந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. என் பாவக் கணக்கில் அவளுக்குச் செய்ததும் உண்டு என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஆபரேட்டரம்மா பதறவில்லையாம். "அந்த நம்பர மறுநாளே திருப்பிக் குடுத்துட்டேன் சார். எங்க தெரு அண்ணன் கடைதான். அங்க கூட்டிட்டுப் போங்க, அவரே சொல்லுவாரு" என்று அவரே ஜீப்பில் ஏறியிருக்கிறார். அண்ணனும் சட்டையை மாட்டிக்கொண்டு கூட ஏறினார்.

கடைக்குள் நான்கு பேர் வந்தார்கள். எஸ்.ஐ., ஒரு காவலர், ஆபரேட்டரம்மா, அவர் அண்ணன். என்னைப் பார்த்ததும் ஆபரேட்டரம்மாவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

"அண்ணே, சார்ட்டச் சொல்லுங்க. மறுநாளே குடுத்தேன்ல? பிரிக்காமக் குடுத்தேன்ல?"

எஸ்.ஐ. கையில் நிறுவனம் கொடுத்த தாள்கள் இருந்தன. "இந்தம்மா திருப்பிக் குடுத்ததுக்கு ஏதாச்சும் ரெக்கார்டு இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

"பில்லு ஏன் உங்க கடைக்கு வருது?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் கடை போகும், நான் ஜெயிலுக்குப் போவேன், வங்கியில் இருந்த பேரும் போகும். இதையெல்லாம் யோசித்து முடிவெடுத்தேன் என்று சொல்லமுடியாது. வாய் தானாகப் பேசியது. ஆனால் அது என் வாய்தான்.

"வீட்டுக்குத் தெரிய வேண்டாம்னு அவங்கதான் சார் இங்க அனுப்பச் சொன்னாங்க. லெட்டர் எழுதிக் குடுத்திருக்காங்க."

காவலர் மீசைக்குள் சிரித்தார். எஸ்.ஐ. ஆபரேட்டரம்மாவைத் திரும்பிப் பார்த்த பார்வை மாறிவிட்டது. "யாரும்மா அந்த ஆளு?" என்று கேட்டார். கல்யாணமாகாத நாற்பத்தைந்து வயதுப் பெண், வீட்டுக்குத் தெரியாத போன், அதில் பேசுகிற ஓர் ஆண் குரல். ஒரே ஒரு வாக்கியத்தில் நான் அத்தனையையும் உண்டாக்கியிருந்தேன். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆபரேட்டரம்மா அழவில்லை, சத்தம் போடவில்லை. மேசைக்குப் பக்கத்தில் வந்தார். "அண்ணே, நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க" என்றார்.

"எனக்குத் தெரிஞ்சதத்தான்மா சொல்றேன்."

"சரி. இப்ப பயத்துல சொல்லிட்டீக. நாளைக்குக் காலையில ஸ்டேஷனுக்கு வந்து மாத்திச் சொல்லுங்க. யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. நான் நெனைக்க மாட்டேன்."

தன்னைப் போல என்னையும் நினைத்துவிட்டார்.

மறுநாள் காலை நான் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. "அந்தம்மாவா அப்படி? நம்பவே முடியலங்க" என்று என் மனைவி கேட்டபோது, "யாரக் கண்டது" என்றேன்.

அவரை ஜீப் வந்த அன்று சாயங்காலமே எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். நம்பர் செத்துப்போனது, லாட்ஜ்காரன் அகப்படவில்லை, வழக்கு எங்கேயோ ஒரு காகிதக் கட்டுக்குள் கிடந்து மக்கியது. சட்டப்படி ஆபரேட்டரம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் போனில் மிரட்டிய விவகாரத்தில் பெயர் வந்தவரைப் போன் முன்னால் உட்கார வைக்க மருத்துவமனைக்கு விருப்பமில்லை. முதலில் மருந்துக் கிடங்குக்கு மாற்றினார்கள். பிறகு வேண்டாம் என்றார்கள். வலது காதுக்கு மேலிருந்த கோடு சில மாதங்களில் மறைந்துவிட்டது.

அண்ணன் தங்கையோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். இது தெருவுக்கே தெரியும். இவர் சமைப்பார், அவர் சாப்பிடுவார். கடையில் வாங்க வேண்டிய சாமான்களை அண்ணன் சீட்டில் எழுதி மேசையில் வைப்பார். அந்த வீட்டிலிருந்து அவர்களுடைய மொழி கேட்பதே நின்றுபோனது. ஒரு தரம் என் மனைவி மனசு கேட்காமல், "கோயம்புத்தூருக்கு, அந்தப் புள்ளைகிட்டப் போயி இருக்கலாம்ல?" என்று கேட்டிருக்கிறாள். அண்ணன் மகளுக்கு அப்போது அங்கேயே கல்யாணமாகி வீடும் இருந்தது.

"போகலாம். அண்ணன் பொய்ய நம்பிக்கிட்டு இருக்காரு. அவருக்கு உண்மை தெரியிற அன்னைக்கு நான் இங்க இருக்கணும்ல?" என்றாராம் ஆபரேட்டரம்மா.

இதை என்னிடம் சொன்னபோது என் மனைவிக்கு உண்மை தெரியாது. சாகும்வரை தெரியாது.

நான் தெருவில் எதிர்ப்பட்டால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டார். நின்று என் முகத்தைப் பார்ப்பார். ஏதோ சொல்ல வந்தவனுக்கு நேரம் கொடுப்பதுபோல இருக்கும். நான் தலையாட்டிவிட்டுக் கடந்துவிடுவேன். இப்படி ஐந்து வருடம்.

ஒரு நாள் காலை, தள்ளுவண்டியில் கத்திரிக்காய் வாங்கிக்கொண்டிருந்தேன். ஆபரேட்டரம்மா வந்து ஒரு கிலோ கேட்டார். வண்டிக்காரர் பழைய பழக்கத்தில், "அக்கா, பொறுக்கி எடுங்க. நாளைக்கு வந்து சொத்தைன்னு எந்தலையில கொட்டாதிய" என்று சிரித்தார். அவர் பொறுக்கவில்லை. கையில் அகப்பட்டதை அள்ளிப் பையில் போட்டார். மேலேயே இரண்டு சொத்தை இருந்தது, எனக்கே தெரிந்தது. வண்டிக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"யக்கா, அதக் குடுங்க, மாத்தித் தாரேன்."

"இருக்கட்டும்ப்பா. எடுத்தாச்சுல்ல."

"காலையில கொண்டு வாங்க, வேணும்னா."

"நான் எதையும் திருப்பிக் குடுக்குறதில்லப்பா இப்ப."

என்னைக் குத்திச் சொன்னதாகத் தெரியவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். ஜீப்பில் ஏறிய அன்றைக்கும், வேலை போன அன்றைக்கும் வராத ஒன்று அந்தக் கத்திரிக்காய் வண்டிக்கு முன்னால் எனக்கு வந்தது. நான் அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டேன் என்று அப்போதுதான் புரிந்தது. காய்கறிப் பையை வீட்டுத் திண்டில் வைத்துவிட்டு, அந்த வேகம் குறைவதற்குள் அவருடைய அண்ணன் வீட்டுக்கு நடந்தேன்.

அவர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியிருந்தார். "வாங்க பேங்க்காரரே" என்றார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இழுப்பறை, லாட்ஜ்காரன், கடிதம், கையெழுத்து, கடைசியாக அந்த வாக்கியம். "உங்க தங்கச்சி மேல ஒரு தப்பும் இல்ல சார். எல்லாம் நான் பண்ணுனது. நீங்க சொன்னா ஸ்டேஷன்லயும் வந்து எழுதிக் குடுக்குறேன்" என்றேன்.

அவர் பேப்பரை மடித்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"தெரியும்யா" என்றார்.

"என்ன தெரியும்?"

"அந்தக் கவர் அன்னைக்கு ராத்திரி சாமி அலமாரியில இருந்தத நான் பாத்தேன். காலையில அவ அத எடுத்துப் பையில வச்சதையும் பாத்தேன். ஒட்டுக்கூடப் பிரியல. எங்க கொண்டு போறான்னு எனக்குத் தெரியாதா? அவளுக்குப் பொய் சொல்ல வராதுய்யா. நீங்க அன்னைக்குக் கடையில சொன்னப்பவே தெரியும், நீங்கதான் பொய் சொல்றீகன்னு."

"அப்ப ஏன் சார் நீங்க ஒரு வார்த்தை..."

"சொல்லி?" அவர் குரலை உயர்த்தவில்லை. "அவ நிச்சயத்த முறிச்சுட்டு வந்தப்ப எங்க ஆளுக விசேஷம் ஒண்ணுக்கும் நான் போக முடியல. எத்தன வாசல்ல தலையக் குனிஞ்சு நின்னேன் தெரியுமா? அப்பறம் ஜீப்பு வந்து வாசல்ல நிக்கிது. தெருவே பாக்குது. ஒரு போன வாங்குனமா, வச்சுக்கிட்டமான்னு இருந்திருந்தா இது வந்திருக்குமா? நீங்க பண்ணுனது தப்புத்தான். ஆனா அவ மனசு மாறாம இருந்திருந்தா உங்களுக்கு அந்தக் கவரே கெடைச்சிருக்காதுல்ல?"

அடுப்படிக் கதவில் ஆபரேட்டரம்மா நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. கையில் அரிவாள்மணையில் நறுக்கிய கத்திரிக்காய்த் தட்டு. அதைத் தரையில் வைத்தார். அண்ணனைப் பார்த்து, அவர்களுடைய மொழியில் ஏதோ கேட்டார். சின்னக் கேள்விதான், இரண்டு மூன்று வார்த்தை. மறுபடியும் அதையே கேட்டார். அண்ணன் மடித்த பேப்பரை மறுபடி விரித்தார்.

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "என்னை மன்னிச்சிருங்கம்மா" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க அன்னைக்கு மறுநாள் வருவீகன்னு ஸ்டேஷன் வாசல்ல மத்தியானம் வரைக்கும் நின்னேன்ண்ணே. அது போகட்டும். இன்னைக்கு எதுக்கு வந்தீக?"

கும்பிட்ட கையை இறக்கினேன்.

"அவருக்குத் தெரியாதுன்னு நெனச்சுத்தான் இம்புட்டு வருஷம் இந்த வீட்டுல சோறாக்கிப் போட்டேன்."

அந்த மாதக் கடைசிக்குள் அவர் வீட்டைவிட்டுப் போய்விட்டார். கோயம்புத்தூருக்குப் போகவில்லை, அங்கே போன் போட்டுக் கேட்டோம். எங்கே போனார் என்று அண்ணனிடம் பல தடவை கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் தெரியாது என்றார். அவருக்கு உண்மையிலேயே தெரியாதா, தெரிந்துதான் சொல்லவில்லையா என்று அந்த முகத்தைப் பார்த்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.